பதினேழாம் நிலையில் ஒரே தொழில் என்ற மேசை விதி குறித்தும் ஞாயிற்றுக்கிழமை அறை குறித்தும்

அனுப்புநர்
உறுப்பினர் அட்டை எண் 1146,
லிஃப்ட் பழுதுபார்ப்பவர்,
விதிப் பொறுப்பாளர், ‘ஞாயிறு மேசை’ ஆட்ட வட்டம்.

பெறுநர்
கிளை நூலகர் அவர்கள்,
பொது நூலகம்.

பொருள்: ‘ஞாயிறு மேசை’ வட்டம் – நான் இல்லாத நாளில் என் வாக்கையும் சேர்த்து நிறைவேற்றப்பட்ட மேசை விதி 31 – புகார் – வருகைப் பதிவேடு குறித்த விளக்கம் – விசாரணை கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் குறிப்பாணை, சென்ற திங்கட்கிழமை தேதியிட்டு செவ்வாயன்று கிடைக்கப்பெற்றது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் குறிப்பாணையில் ஏழு நாட்களுக்குள், ஒரு பக்கத்துக்கு மிகாமல் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். இன்று ஆறாம் நாள். நாள் கணக்குக்குக் கட்டுப்பட்டுவிட்டேன். பக்கக் கணக்குக்குக் கட்டுப்பட முடியவில்லை. மன்னிக்க வேண்டும். பதிவேட்டைப் பற்றி மட்டும் எழுதி நிறுத்தினால் நான் ஏதோ கள்ளக் கையெழுத்துப் பேர்வழி போலத் தெரிவேன். பேர்வழிதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் நடந்தது நிறைய இருக்கிறது. ஆகவே இதையே என் விளக்கமாகவும் என் புகாராகவும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2. எங்கள் வட்டம் பதினொரு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் பிற்பகல் மூன்று முதல் ஆறு வரை தங்கள் நூலகத்தின் முதல் மாடிச் சிறு அறையில் கூடி வந்தது. ஆட்டம் என்றதும் தங்களுக்கு முன்பிருந்த நூலகர் சீட்டாட்டம் என்று நினைத்துக்கொண்டு, கதவைத் திறந்துவைத்தே ஆட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அப்படியொன்றும் இல்லை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக அந்தக் கதைக்குள் இருப்பார்கள். குகை வரும், பாலம் வரும், அரக்கன் வருவான். வீசிய வாள் பட்டதா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். அனுபவம் சேரச் சேர கதாபாத்திரத்தின் நிலை உயரும். முதல் நிலையில் எலி கடித்தாலே உயிர் போய்விடும். பதினேழாம் நிலையில் மலையைப் பார்த்து முறைக்கலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில் உண்டு: போர்வீரன், மந்திரவாதி, வைத்தியன், பூட்டுத் திறப்பவன் என்று. ஒரே ஆள் இரண்டு மூன்று தொழில் பழகிக்கொள்ளவும் ஆட்டப் புத்தகம் இடம் கொடுக்கிறது. புத்தகத்தில் இல்லாததை ஒவ்வொரு மேசையும் தனக்கென்று எழுதி வைத்துக்கொள்ளும். அதற்குப் பெயர்தான் மேசை விதி. எங்களுடையவை முப்பத்தொன்று. அவற்றில் முப்பதை எழுதியவன் நான்.

3. வட்டத்தில் ஐந்து பேர். கதையை நடத்துபவர் பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர். எங்களுக்கு அவர் வாத்தியார். வேட்டைக்காரியாக ஆடுபவர் பல் மருத்துவர். பொய்யே சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துகொண்ட வீரனாக ஆடுபவர் ஓர் இளம் வழக்கறிஞர். அவரைச் சின்ன வக்கீல் என்போம். மந்திரவாதியாக ஆடுபவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் என் மைத்துனர், அதாவது என் மனைவியின் தம்பி. என் மனைவி என்னைப் பிரிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன, சட்டப்படியும் முடிந்துவிட்டது. ஆகவே மைத்துனர் என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அவர் என்னை இன்னும் மாமா என்றுதான் கூப்பிடுகிறார், அதனால் எழுதுகிறேன்.

4. ஐந்தாவது ஆள் நான். என் கதாபாத்திரம் போர்வீரனாக ஏழு நிலை, வைத்தியனாக ஆறு நிலை, பூட்டுத் திறப்பவனாக நான்கு நிலை, ஆகமொத்தம் பதினேழு. மேசையில் அவனுக்கு ‘மூணுசட்டை’ என்று பெயர். ஒரு சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை போட்டுக்கொண்டு திரிகிறான் என்று வாத்தியார் வைத்த பெயர். அவன் ஆசைப்பட்டுப் போட்டுக்கொண்டதல்ல என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் அவன் வெறும் போர்வீரன். எங்களுடன் வைத்தியராக ஆடிய செவிலியர் எட்டு ஆண்டுகளுக்கு முன் பணி மாற்றலில் போய்விட்டார். அடுத்த குகையிலேயே இரண்டு பேர் சாகக் கிடந்தார்கள். மருந்து போட ஆளில்லை. யாராவது கற்றுக்கொள்ள வேண்டும் என்றார் வாத்தியார். எல்லோரும் அவரவர் தாளைக் குனிந்து பார்த்தார்கள். நான் கற்றுக்கொண்டேன். பிறகு பூட்டுத் திறப்பவராக ஆடிய அச்சகத்துக்காரர் வெளியூரில் தன் மகள் வீட்டோடு போய்விட்டார். அதையும் நானே கற்றுக்கொண்டேன். யார் எழுந்து போனாலும் அவர் வேலையை நான் எடுத்துக்கொண்டேன், ஆட்டம் நிற்கக் கூடாது என்பதற்காக.

5. இனி புகாருக்கு வருகிறேன். ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட்டின் கம்பிவடம் முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது. ஆட்கள் இல்லாத நாளில்தான் அந்த வேலையைச் செய்ய முடியும். ஆகவே தொடர்ந்து மூன்று ஞாயிறு எனக்கு வேலை. முறைப்படி முன்கூட்டியே தெரிவித்தேன். மேசை விதி 9-இன்படி, வராதவரின் கதாபாத்திரம் குதிரைகளுக்குக் காவல் நிற்கும். அதற்கு அடி விழாது, அது யாரையும் அடிக்கவும் அடிக்காது. எனவே மூணுசட்டை மூன்று வாரமும் குதிரைகளோடு நின்றான். இரண்டாவது வாரத்தில் மற்றவர்கள் கூடி, விதி 31 என்று ஒன்றை நிறைவேற்றினார்கள். அதன் வாசகம்: ‘பதினேழாம் நிலை முதல் ஓர் ஆளுக்கு ஒரே தொழில். அதிக நிலை உள்ள தொழில் தங்கும், மற்றவை கழியும்.’ எங்கள் மேசையில் ஒன்றுக்கு மேற்பட்ட தொழில் உள்ள ஆள் ஒருவன்தான். ஊருக்கெல்லாம் பொதுவான சட்டம் போல எழுதியிருக்கிறார்கள்.

6. இதன் விளைவைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆறும் நான்கும் கழிந்தால் மூணுசட்டை ஏழாம் நிலை ஆள். மற்ற மூவரும் பதினேழு. அவன் உயிர்ப்புள்ளி நூற்றுமுப்பத்தொன்றிலிருந்து அறுபதுக்கு இறங்குகிறது. இப்போது பாலத்தில் நிற்கும் கல் அரக்கனின் ஓர் அடி சராசரியாக அறுபத்துநான்கு. அதாவது அவன் பாலத்தில் கால் வைக்கலாம், எடுக்க முடியாது. ஒப்புக்குச் சப்பாணியாகப் பின்னால் நிற்கலாம், அவ்வளவுதான்.

7. தீர்மானம் ‘ஒருமனதாக’ என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்கள். நான் கட்டடத்தின் உச்சியில், இயந்திர அறையில், முழங்கை வரை கிரீஸோடு இருந்த நேரத்தில் எப்படி ஒருமனதாகும் என்று கேட்டேன். சின்ன வக்கீல் குறிப்பேட்டைத் திருப்பி என் முன்னால் வைத்தார். “நீங்க எழுதினதுதானே சார், பக்கம் பதினெட்டு” என்றார். விதி 12: ‘வராதவரின் வாக்கு பெரும்பான்மையோடு சேரும்.’ அது என் கையெழுத்துதான். மேற்படி அச்சகத்துக்காரர் அந்தக் காலத்தில் வரவும் மாட்டார், வராமலே எல்லாவற்றுக்கும் முட்டுக்கட்டையும் போடுவார்; அவரைச் சமாளிக்க நான் எழுதிய விதி. அன்று எனக்கு ஒரே பாராட்டு. இப்போது பார்த்தால் எனக்கு நானே அடித்துக்கொண்ட ஆப்பு.

8. எதிர்த்தரப்பின் நியாயத்தை மறைப்பது என் வழக்கமல்ல. என் முறை வந்தால் நேரம் ஆகும். மூன்று தொழிலுக்கு மூன்று தாள். வெட்டுவதா, மருந்து போடுவதா, ஒளிவதா என்று பார்த்து முடிவெடுக்க வேண்டாமா? “உங்க முறை முடியறதுக்குள்ள நான் போய் ஒரு கடவாய்ப்பல்லே எடுத்துட்டு வந்துடுவேன்” என்று பல் மருத்துவர் பலமுறை சொல்லியிருக்கிறார். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஒருநாள் சின்ன வக்கீல் மணி பார்த்திருக்கிறார்: பத்தொன்பது நிமிடம். சிரித்துக்கொண்டே சொன்னதை அவர்கள் உண்மையாகவே சொல்லியிருக்கிறார்கள் என்பது விதி 31-ஐப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

9. வேலை முடிந்து நான்காவது ஞாயிறு வந்தேன். விதியைப் படித்தேன். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. வாய்க்கு வந்ததைப் பேசினேன். “நான் இல்லாமலே சட்டம் போடத் தெரியுதில்ல, நான் இல்லாமலே ஆடிக்கோங்க” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். “மாமா, உக்காருங்க மாமா” என்றார் மைத்துனர். உட்காரவில்லை. படியில் இறங்கும்போது யாராவது பின்னால் வருவார்கள் என்று நினைத்தேன். கீழே செய்தித்தாள் பகுதியில் இரண்டு நாளிதழ்களை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். யாரும் வரவில்லை. மேலே பகடை உருளும் சத்தம் கேட்டது. அதன்பின் வீட்டுக்குப் போய்விட்டேன்.

10. கோபம் மூன்று நாளில் போய்விட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான். அடுத்த ஞாயிறு வழக்கம்போல் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து, ஃபிளாஸ்க்கை வைத்து, ஐந்து நாற்காலியையும் மேசையைச் சுற்றி இழுத்துப் போட்டுக் காத்திருந்தேன். மூன்றரை ஆயிற்று. நான்கு ஆயிற்று. அறையைப் பூட்டும் உதவியாளர் அம்மா எட்டிப் பார்த்து, “என்ன தம்பி தனியா? அவங்க நேத்தே வந்து அந்த மேப்பையும் பெட்டியையும் எடுத்துட்டுப் போயிட்டாங்களே, உங்ககிட்ட சொல்லலையா?” என்றார். சொன்னார்கள், மறந்துவிட்டேன் என்று சொல்லிவைத்தேன். எங்கள் கைபேசிக் குழுவில் ‘வந்துட்டேன்’ என்று நான் அன்று அனுப்பியதுதான் கடைசிச் செய்தி. நால்வரும் பார்த்துவிட்டதற்கான அடையாளம் அதன் கீழே இருக்கிறது. வேறு குழு தொடங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

11. நேரில் போய்க் கேட்டிருக்கலாமே என்று தாங்கள் கருதலாம். போனேன். வாத்தியாரைப் பள்ளி நேரத்தில் பார்ப்பது முறையல்ல. சின்ன வக்கீலிடம் பேசினால் கடைசியில் தப்பு என் பக்கம் என்று நானே ஒப்புக்கொண்டு திரும்புவேன். ஆகவே பல் மருத்துவரிடம் முன்பதிவு செய்துகொண்டு, பல் வலி என்று சொல்லிப் போய் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு வாயைத் திறக்கச் சொன்னார். திறந்தால் நிஜமாகவே ஒரு சொத்தை இருந்தது. அரை மணி நேரம் வேலை செய்தார். வாய்க்குள் பஞ்சும் உறிஞ்சு குழாயும் இருக்கும்போது அவர் பேசினார். “தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மைத்துனருக்குக் கைக்குழந்தை, பொறந்து ஒரு மாசம்தான் ஆகுது. ஞாயித்துக்கிழமை வீட்டை விட்டு நகர முடியல. சரி, நம்மளே அங்க போயிடலாம்னு முடிவு பண்ணினோம். ஆனா அந்த வீட்ல அவங்க அக்காவும் இருக்காங்க. உங்களை எப்படிக் கூப்பிடறது சொல்லுங்க?” என்றார். சொல்லுங்க என்றாரே தவிர, பஞ்சை எடுக்கவில்லை. எடுத்தபோது அடுத்தவர் வந்து நின்றுகொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

12. யோசித்துப் பார்த்ததில் அவர்கள் செய்தது எனக்குப் புரிகிறது. கூப்பிட்டால் என்னால் போக முடியாது. என் முன்னாள் மனைவி காபி டம்ளரை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போவார். நான் அரக்கனை வெட்டிக்கொண்டிருப்பேன். நடக்கிற காரியமா அது? கூப்பிட்டு நான் வர முடியாது என்று சொன்னால், அது அவர்கள் என்னை விலக்கியது போல ஆகும். கூப்பிடாமல் இருந்துவிட்டால், நானே கோபித்துக்கொண்டு போனதாக இருக்கும். நானும் அதற்குத் தோதாக ஒரு வசனம் பேசிவிட்டு அல்லவா எழுந்து வந்தேன். இதில் யார் மேலும் எனக்குக் கோபமில்லை. குழந்தை ஆணா பெண்ணா என்று மட்டும் எனக்குத் தெரியாது. பல் மருத்துவர் சொல்லவில்லை. என்னால் கேட்கவும் முடியவில்லை.

13. இப்போது பதிவேடு. நூலக விதிப்படி வட்டத்தின் கூட்டத்துக்குக் குறைந்தது நான்கு பேர் கையெழுத்து வேண்டும். அடுத்தடுத்து இரண்டு வாரம் அது குறைந்தால் அறை அடுத்து விண்ணப்பித்தவருக்குப் போகும். சதுரங்கப் பயிற்சி வகுப்பு ஒன்று ஓராண்டாகக் காத்திருக்கிறது. அந்த முதல் ஞாயிறு என் கையெழுத்தைப் போட்டேன். கீழே நான்கு வரி காலியாக இருந்தது. வாத்தியாருடையதைப் போட்டேன், அது சுலபம், விடைத்தாளில் இடுவது போல ஒரே சுழி. மைத்துனருடையது எனக்குத் தெரியும். என் திருமணப் பதிவில் சாட்சியாக அவர் போட்ட கையெழுத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பல் மருத்துவர் இடக்கையால் எழுதுபவர். ஆகவே நானும் இடக்கையால் முயன்றேன். சின்ன வக்கீலுடையது மட்டும் கடைசிவரை சரியாக வரவில்லை. ஆறு வாரம், மொத்தம் இருபத்துநான்கு கையெழுத்து, நான்கு நிறப் பேனா. எல்லாம் நான் செய்ததே. உதவியாளர் அம்மாவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவர் தாமதமாகத் தகவல் கொடுத்தார் என்று அவர் மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம்.

14. அந்த ஆறு வாரமும் அறையில் என்ன செய்தேன் என்று குறிப்பாணையில் கேட்டிருக்கிறீர்கள். ஆடினேன் என்று சொல்ல முடியாது. கதையை நான் நகர்த்தவில்லை. அது வாத்தியாருடைய கதை. மற்றவர்களின் கதாபாத்திரங்களையும் தொடவில்லை. வராதவர்கள் என்பதால் விதி 9-இன்படி மூவரையும் குதிரைக் காவலுக்கு நிறுத்தினேன். மூணுசட்டை பாலத்தின் இந்தப் பக்கம் தனியாக நின்றான். அரக்கன் அந்தப் பக்கம் நின்றான். ஒவ்வொரு வாரமும் ஒரு முறை பகடையை உருட்டி, இரவு யாராவது தாக்க வந்தார்களா என்று மட்டும் பார்த்தேன். யாரும் வரவில்லை. மூன்று தாளையும் புதிதாகப் படியெடுத்தேன். என் முறையைப் பத்தொன்பது நிமிடத்திலிருந்து நான்கு நிமிடத்துக்குக் குறைக்க ஒரு வழியும் கண்டுபிடித்தேன்: எந்தச் சூழலுக்கு எந்தத் தொழில் என்று ஓர் அட்டையில் முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்வது. வேலைக்குப் போகும் ஆறு நாளும் நான் பேசுவது பெரும்பாலும் லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம்தான். கதவின் இந்தப் பக்கம் நின்றுகொண்டு, பயப்படாதீங்க, வந்துட்டேன் என்று சொல்வேன். கதவு திறந்ததும் அவர்கள் அவசரமாகப் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என் முறை வரும்வரை நாலு பேர் காத்திருந்தார்கள். இதை விளக்கத்தில் சேர்க்க வேண்டியதில்லை என்றால் தாங்கள் அடித்துவிடலாம்.

15. இன்றும் மூன்று மணிக்கு வந்து, இந்த மனுவை அந்த அறையில் உட்கார்ந்தே எழுதுகிறேன். இன்றைய பக்கத்தில் என் கையெழுத்து ஒன்றுதான் இருக்கிறது. விதிப்படி இது முதல் வாரம். அடுத்த ஞாயிறும் நான்கு உண்மையான கையெழுத்து விழாவிட்டால் அறை சதுரங்கத்துக்குப் போய்விடும். அறை போனால் அவர்கள் திரும்பி வருவதற்கு ஓர் இடம் இருக்காது. அந்த வீட்டுக்கு நான் போக முடியாது. எங்கள் ஐந்து பேரும் ஒன்றாக உட்காரக்கூடிய மேசை இந்த ஊரில் இது ஒன்றுதான்.

ஆகவே என் கோரிக்கைகளைக் கீழ்க்கண்டவாறு சமர்ப்பிக்கிறேன்.

(அ) விதி 31-ஐ ரத்து செய்யுமாறு கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். அதை வற்புறுத்தவில்லை. தேவையென்றால் ஏழாம் நிலையோடு ஆடுகிறேன். பாலத்தில் செத்தால் முதல் நிலையிலிருந்து தொடங்குகிறேன். எலி கடித்தாலும் சரி.

(ஆ) பதிவேட்டில் நான் செய்த குற்றத்துக்கு என் உறுப்பினர் அட்டையை எத்தனை மாதம் வேண்டுமானாலும் முடக்கலாம். புத்தகம் எடுக்காமல் இருந்துகொள்வேன். அறைக்குள் வர மட்டும் அனுமதி தர வேண்டும்.

(இ) நூலக விதி 14-இன்படி, வட்டத்துக்குள் தகராறு ஏற்பட்டால் எல்லா உறுப்பினர்களையும் ஒரே நேரத்தில் நேரில் வரவழைத்து விசாரிக்கத் தங்களுக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தைத் தாங்கள் பயன்படுத்த வேண்டும். நான் கூப்பிட்டால் வர மாட்டார்கள். தங்கள் முத்திரையோடு கடிதம் போனால் வருவார்கள். வாத்தியார் முத்திரை பார்த்தாலே எழுந்து நிற்கும் சுபாவம். சின்ன வக்கீல் விசாரணை என்றால் கூப்பிடாமலே வருவார். பல் மருத்துவருக்கு ஞாயிறு விடுமுறை. மைத்துனருக்குத்தான் கஷ்டம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரலாம் என்று கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்தால் நலம்.

(ஈ) விசாரணையை வரும் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, முதல் மாடிச் சிறு அறையிலேயே வைக்க வேண்டும். தங்களுக்கு அன்று விடுமுறை என்பது தெரியும். இருந்தும் கேட்கிறேன்.

(உ) விசாரணையில் எல்லாத் தவறும் என்னுடையது என்றே முடிவு செய்யலாம். நான் மறுத்துப் பேச மாட்டேன். ஆனால் ஆறு மணிவரை அறை நம்முடையது. அதுவரை தாங்கள் ஒவ்வொருவரிடமும் கேள்விகளை நிதானமாகக் கேட்குமாறு மிகவும் பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.

இணைப்பு:
1. விதிக் குறிப்பேடு, பக்கம் 18 மற்றும் 64 – நகல்.
2. நான்கு பேனாக்கள்.

இடம்: முதல் மாடிச் சிறு அறை
நாள்: ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.40

தங்கள் கடிதத்துக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
உறுப்பினர் எண் 1146